வாக்கியக் கணக்கைச் சமன்பாடாக எழுதுவது எப்படி? எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க வழி சொல்லுங்கள்

அம்பை_கடைவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அம்பாசமுத்திரத்தில் பலசரக்குக் கடை வைத்திருக்கிறேன். மகள் எட்டாம் வகுப்பு படிக்கிறாள். சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் தப்பில்லாமல் தீர்க்கிறாள். பக்கம் மாற்றுவது, அடைப்புக்குறியைப் பிரிப்பது, பின்னத்தை நீக்குவது எல்லாம் சரளமாக வருகிறது. அதே கணக்கை நாலு வரி வாக்கியமாகக் கொடுத்தால் பென்சிலைக் கீழே வைத்துவிடுகிறாள்.

கடையில் நடக்கிற விஷயத்தையே கணக்காக்கிக் கொடுத்துப் பார்த்தேன். "ஒரு கிலோ கருப்பட்டியின் விலை, ஒரு கிலோ சீனி விலையின் ஆறு மடங்கைவிட 30 ரூபாய் அதிகம். இரண்டிலும் ஒவ்வொரு கிலோ வாங்கினால் 345 ரூபாய். சீனி என்ன விலை?"

அவள் எழுதியது இது. (நோட்டில் எக்ஸ் என்று இருப்பதை இங்கே 'ப' என்று தட்டியிருக்கிறேன்.)

கருப்பட்டி = ப
சீனி = 6ப + 30
ப + 6ப + 30 = 345
7ப = 315
ப = 45

சீனி 300 ரூபாய் என்று விடை எழுதிவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விட்டாள். தினமும் கடையில் சீனி நிறுக்கிற பிள்ளை, கிலோ 300 ரூபாய் என்று எழுதும்போது கை நிற்கவில்லையே என்பதுதான் எனக்கு வருத்தம். எங்கே பிடித்துத் திருத்துவது?

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

அண்ணாச்சி, முதலில் ஒன்று. பிள்ளைக்குக் கணக்கு வரவில்லை என்று நினைக்காதீர்கள். இந்த வேலையில் இரண்டு பாதி இருக்கிறது. வாக்கியத்திலிருந்து சமன்பாட்டுக்கு வருவது முதல் பாதி, சமன்பாட்டிலிருந்து விடைக்குப் போவது இரண்டாம் பாதி. பள்ளிக்கூட நேரம் பெரும்பாலும் இரண்டாம் பாதிக்கே போய்விடுகிறது. முதல் பாதியைத் தனியாக உட்கார்ந்து பழகினால்தான் வரும்.

அவள் எழுதிய முதல் வரியைப் பாருங்கள். "கருப்பட்டி = ப". நான் வகுப்பில் இந்த வரியை ஏற்றுக்கொண்டதே கிடையாது. ப என்பது கருப்பட்டி இல்லை. கருப்பட்டியின் எடையா, விலையா, வட்டுகளின் எண்ணிக்கையா? ப ஓர் எண். அதற்கு அலகு உண்டு. "ஒரு கிலோ சீனியின் விலை ப ரூபாய்" என்று முழு வாக்கியமாக எழுதச் சொல்லுங்கள். எழுத்து ஒரு பொருளின் பெயராக மாறிவிட்டால், எதை ஆறால் பெருக்குவது என்பது கண் போன போக்கில் போய்விடும். கேள்வியில் கருப்பட்டி முதலில் வருகிறது, அதற்கு ப கொடுத்தாள். அடுத்து சீனி வந்தது, அதன் பக்கத்தில் ஆறு மடங்கு இருந்தது, ஒட்டிவிட்டாள். வாக்கியத்தின் வரிசையை அப்படியே இடமிருந்து வலமாகக் குறியீடாக்கினால் இந்தத் தலைகீழ்த் தப்பு வரும். பெரியவர்களுக்கும் வரும்.

இதற்கு நான் செய்கிற வழி: பென்சிலைத் தொடுவதற்கு முன், "எது பெரிது?" என்று கேட்பேன். கருப்பட்டிதான் விலை கூடியது என்று பிள்ளை வாயால் சொல்ல வேண்டும். அப்புறம் சின்னதற்கு ஒரு எண் வைத்துப் பார்க்கச் சொல்வேன். சீனி 10 ரூபாய் என்றால் கருப்பட்டி? ஆறு மடங்கு 60, அதைவிட 30 அதிகம், 90. சீனி 20 என்றால்? 150. சீனி ப என்றால்? 6ப + 30. பத்தும் இருபதும் போன வழியிலேயே ப-வும் போகிறது. எண்ணை வைத்துச் செய்யத் தெரிந்த பிள்ளைக்கு எழுத்தை வைத்துச் செய்யவும் தெரியும், நடுவில் இந்தப் படியைத் தாண்டவிடக் கூடாது, அவ்வளவுதான்.

இனி சமன் குறி. இதுதான் எனக்கு முக்கியம். இரண்டு பக்கமும் ஒரே அளவு வர வேண்டும். ஒரே பணத்தை, ஒரே தூரத்தை, ஒரே வயதைக் கேள்வி இரண்டு விதமாகச் சொல்லியிருக்கும். உங்கள் கணக்கில் அது கொடுத்த பணம். ஒரு விதம்: 345 ரூபாய். இன்னொரு விதம்: சீனி விலையும் கருப்பட்டி விலையும் சேர்ந்தது, அதாவது ப + 6ப + 30. இரண்டும் ஒரே நோட்டுகள்தான், அதனால் நடுவில் சமன் குறி. வாக்கியக் கணக்கைப் படிக்கும்போது தேட வேண்டியது இதைத்தான்: எந்த அளவை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள்?

ப = 45. சீனி 45, கருப்பட்டி 270 + 30 = 300. சரிபார்ப்பதையும் கேள்விக்குத் திரும்பிப் போய்ச் செய்ய வேண்டும். அவள் சமன்பாட்டில் 45-ஐப் போட்டுப் பார்த்திருந்தால் 345 சரியாகத்தான் வந்திருக்கும், தப்பு தெரிந்திருக்காது. கேள்வியைத் திரும்பப் படித்திருந்தால் "கருப்பட்டி அதிகம்" என்ற இடத்தில் இடித்திருக்கும்.

---

அம்பை_கடைவீதி எழுதியது:

டீச்சர், "எந்த அளவை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள்" என்பது எனக்கே புதிது. தராசில் இரண்டு தட்டும் நேராக நிற்பது என்றுதான் அவளுக்கு இதுவரை சொல்லி வந்தேன். தட்டில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டிருக்கிறேன். இன்றைக்கே உட்காருகிறோம்.

---

ஆலைக்_கணக்கர் எழுதியது:

கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். அரிசி ஆலையில் கணக்கெழுதி ஓய்வு பெற்றவன். டீச்சரை மதித்தே சொல்கிறேன், இத்தனை சின்னக் கணக்குக்குச் சமன்பாடு எதற்கு? 345-இல் 30-ஐத் தள்ளு, 315. ஆறு மடங்கும் ஒரு மடங்கும் ஏழு. 315-ஐ ஏழால் வகு, 45. முடிந்தது.

எங்கள் காலத்தில் கேட்கிற கணக்கு ஒன்று சொல்கிறேன். வயலில் விளைந்த நெல்லில் மூன்றில் ஒரு பங்கு குத்தகைக்குப் போனது. மிச்சத்தில் ஏழில் ஒரு பங்கு அறுப்புக் கூலிக்குப் போனது. வீடு வந்து சேர்ந்தது 12 கோட்டை (கோட்டை என்பது பழைய நெல் அளவு). மொத்தம் விளைந்தது எவ்வளவு?

இதற்கு ப-வும் வேண்டாம், பேப்பரும் வேண்டாம். ஒரு கோட்டை விளைந்தது என்று வைத்துக்கொள். பழைய அளவையில் ஒரு கோட்டைக்கு 21 மரக்கால். மூன்றில் ஒன்று 7 போனால் 14. அதில் ஏழில் ஒன்று 2 போனால் 12. ஒரு கோட்டைக்கு 12 மரக்கால் வீடு வருகிறது. 21 கோட்டை விளைந்தால் 21 தடவை 12 மரக்கால் வரும், அது 252 மரக்கால், அதுதான் 12 கோட்டை. விடை 21 கோட்டை. களத்துமேட்டில் நின்றபடியே சொல்லிவிடலாம். இந்தப் பழக்கத்தை வளர்த்துவிடுங்கள் அண்ணாச்சி, பிள்ளைக்குக் கணக்கின் மேல் பயமே வராது.

இன்னொன்று, எக்ஸுக்குப் பதில் 'ப' வைத்தது நல்லது. க, உ, எ, அ இதெல்லாம் பழைய தமிழ் எண்கள். க என்றால் 1, அ என்றால் 8. அதை மாறியாக வைத்தால் எங்களைப் போன்றவர்களுக்குக் குழப்பம்.

---

ராதாபுரம்_காற்றாலை எழுதியது:

ஐயா, கோட்டைக் கணக்கு பிரமாதம். மூன்றாலும் ஏழாலும் வகுபடுகிற 21-ஐ அளவையே கொடுத்துவிட்டது.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

ஐயா சொன்ன வழிக்கு ஏறத்தாழ 3500 வயது. எகிப்தில் எழுதிய ரைண்டு பாப்பிரஸ் சுருள் இப்போது லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் இருக்கிறது. அதில் ஒரு கணக்கு: ஓர் அளவும் அதில் ஏழில் ஒரு பங்கும் சேர்ந்தால் 19, அந்த அளவு என்ன? அங்கேயும் இதையே செய்கிறார்கள். 7 என்று வைத்துக்கொள், ஏழில் ஒன்றைச் சேர்த்தால் 8. வேண்டியது 19. எட்டைப் பத்தொன்பதாக்க எதால் பெருக்க வேண்டுமோ அதால் 7-ஐயும் பெருக்கு. 16-ம் எட்டில் ஐந்தும் வரும். ஆகவே அந்த வழியை நான் தாழ்வாகச் சொல்ல மாட்டேன்.

ஆனால் அது எங்கே ஓடும், எங்கே நிற்கும் என்று பிள்ளைக்குத் தெரிய வேண்டும். எல்லாமே பங்காகவும் மடங்காகவும் இருக்கிற வரைதான் ஒரு எண்ணை உத்தேசமாக வைத்துப் பெருக்கிக்கொள்ள முடியும். ஐயாவின் கணக்கிலேயே ஒரு வரி சேர்க்கிறேன். குத்தகையும் கூலியும் போன பிறகு வண்டி வாடகைக்கு 2 கோட்டை கொடுத்தார்கள். வீடு வந்தது 14 கோட்டை. இப்போது ஒரு கோட்டை விளைந்தது என்று வைத்தால், 12 மரக்கால் மிச்சத்திலிருந்து 2 கோட்டை வாடகை எப்படிக் கொடுப்பது? உத்தேசம் உடைந்துவிடுகிறது. சமன்பாட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. மொத்தம் ப கோட்டை. குத்தகை போக மூன்றில் இரண்டு. அதில் ஏழில் ஆறு மிஞ்சும். மூன்றில் இரண்டில் ஏழில் ஆறு என்பது ஏழில் நான்கு. வாடகை போக

4ப/7 − 2 = 14
4ப/7 = 16
ப = 28

---

ஆலைக்_கணக்கர் எழுதியது:

வாடகையைத் திருப்பிப் போட்டால் 16. ஏழில் நான்கு 16 என்றால் முழுசு 28. இதற்கும் பேப்பர் வேண்டாமே டீச்சர்.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

நீங்கள் வாடகையைத் திருப்பிப் போட்டதைத்தான் அடுத்த வரியில் நான் 16 என்று எழுதியிருக்கிறேன் ஐயா. மனசில் நீங்கள் செய்வதும் தாளில் அவள் செய்வதும் ஒன்றுதான். உங்களுக்குப் பல ஆண்டுப் பழக்கம், எதைத் திருப்பிப் போட வேண்டும் என்று கண்ணுக்குத் தெரிகிறது. பதின்மூன்று வயதுப் பிள்ளைக்கு அது தெரிய ஒரு எழுத்து வேண்டியிருக்கிறது.

---

மேலப்பாளையம்_உம்மா எழுதியது:

டீச்சர், என் மகன் போகிற டியூஷனில் ஒரு பட்டியல் கொடுத்திருக்கிறார்கள். "மொத்தம், கூடுதல், சேர்ந்து" வந்தால் கூட்டு. "மீதி, குறைவு, வித்தியாசம்" வந்தால் கழி. "மடங்கு" வந்தால் பெருக்கு. "பங்கு" வந்தால் வகு. இதை மனப்பாடம் செய்தால் எந்த வாக்கியக் கணக்கையும் போட்டுவிடலாம் என்கிறார்கள். இது சரியா?

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

வேண்டாம் தங்கச்சி. இந்தப் பட்டியல் பிள்ளைகளுக்குச் செய்கிற கெடுதலை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஒரு சின்னக் கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். "கையிலிருந்த பணத்தில் 15 ரூபாய்க்கு நுங்கு வாங்கினான். மீதி 40 ரூபாய். முதலில் எவ்வளவு இருந்தது?" பட்டியல் படித்த பிள்ளை "மீதி" என்ற சொல்லைப் பார்த்ததும் 40 − 15 = 25 என்பான். 25 ரூபாய் வைத்திருந்தவனிடம் 40 ரூபாய் எப்படி மிஞ்சும்? கேட்டால் முழிப்பான், ஏனென்றால் அவன் கதையைப் படிக்கவே இல்லை. சொல்லை மட்டும் பொறுக்கினான். சமன்பாடாக எழுதுகிற பிள்ளைக்கு இந்தச் சிக்கல் இல்லை. முதலில் இருந்தது ப ரூபாய். செலவு போக ப − 15. அதுதான் மீதி என்று கேள்வி சொல்கிறது, 40. ப − 15 = 40. கதையில் கழித்தல் நடக்கிறது, சமன்பாட்டிலும் கழித்தல். விடைக்கு வரும்போது அது தானாகக் கூட்டலாகிறது.

கதையில் என்ன நடந்ததோ அதை நடந்தபடியே எழுதிவிட்டால் போதும், திருப்புகிற வேலையைச் சமன்பாடு பார்த்துக்கொள்ளும். ஐயாவைப் போல மனசிலேயே திருப்பத் தெரியாதவர்களுக்கு இந்த வசதிக்காகத்தான் சமன்பாடு.

---

மேலப்பாளையம்_உம்மா எழுதியது:

கேட்டேன் டீச்சர். 25 என்றுதான் சொன்னான். பட்டியலை எடுத்து வைத்துவிட்டேன்.

வயதுக் கணக்கு பற்றியும் சொல்லுங்கள். அதில்தான் அவனுக்கு அழுகை வருகிறது. "இப்போது அம்மாவின் வயது மகளின் வயதைப் போல் நான்கு மடங்கு. 6 ஆண்டுகள் கழித்து மூன்று மடங்கு. இப்போதைய வயது என்ன?" இவன் 4ப + 6 = 3ப + 6 என்று எழுதி, ப = 0 என்று வைத்திருக்கிறான்.

---

ராதாபுரம்_காற்றாலை எழுதியது:

இதை நான் எடுத்துக்கொள்கிறேன் அக்கா. அவன் பக்கத்தில்தான் வந்திருக்கிறான். மகளுக்கு இப்போது ப வயது, அம்மாவுக்கு 4ப. சரி. 6 ஆண்டு கழித்து அம்மாவுக்கு 4ப + 6. இதுவும் சரி. மூன்று மடங்கு எதற்கு? மகளின் அப்போதைய வயதுக்கு. அப்போது மகளுக்கு ப + 6. அந்த முழு வயதையும் மூன்றால் பெருக்க வேண்டும், 3(ப + 6). அவன் இப்போதைய வயதை மூன்றால் பெருக்கிவிட்டு ஆறைப் பிறகு கூட்டியிருக்கிறான்.

4ப + 6 = 3ப + 18, ப = 12. மகளுக்கு 12, அம்மாவுக்கு 48. ஆறு ஆண்டு கழித்து 18-ம் 54-ம், மூன்று மடங்கு சரி.

வயதுக் கணக்குக்கு நான் படித்த காலத்தில் எங்கள் சார் கட்டம் போடச் சொல்வார். இடது பக்கம் ஆட்கள், மேலே "இப்போது", "6 ஆண்டு கழித்து". நாலு கட்டம். நாலையும் நிரப்பிய பிறகுதான் சமன் குறியைத் தொட வேண்டும். காலம் நகரும்போது எல்லாருக்கும் வயது ஏறும் என்பதைக் கட்டம் ஞாபகப்படுத்தும்.

ப = 0 வந்ததும் அவன் நின்றிருக்க வேண்டும் என்பதையும் சொல்லுங்கள். மகளுக்கு 0 என்றால் நான்கு மடங்கும் 0, அம்மாவுக்கும் வயது 0. கதைக்கு ஒவ்வாத விடை வந்தால் விடையை அழிக்கக் கூடாது, சமன்பாட்டைத் திரும்பப் பார்க்க வேண்டும்.

---

குரூப்ஃபோர்_பேட்டை எழுதியது:

வணக்கம். பேட்டையில் இருந்துகொண்டு குரூப் 4 தேர்வுக்குப் படிக்கிறேன். 200 கேள்வியில் 25 திறனறிவுக் கேள்விகள். எங்களுக்கு நாலு விடை கொடுத்துவிடுவார்கள் என்பதால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கிறோம். சமன்பாடு எழுத நேரம் கிடைக்குமா?

இது நண்பன் கேட்டது: திருநெல்வேலியில் ஒரு கடையில் ஒரு கிலோ அல்வாப் பொட்டலமும் அரைக் கிலோ பொட்டலமுமாகச் சேர்த்து 40 விற்றது. மொத்த எடை 29 கிலோ. ஒரு கிலோ பொட்டலம் எத்தனை?

---

ஆலைக்_கணக்கர் எழுதியது:

தம்பி, நாற்பதும் அரைக் கிலோ என்று வை. 20 கிலோ. வேண்டியது 29. ஒன்பது கிலோ குறைகிறது. ஒரு அரைக் கிலோ பொட்டலத்தை எடுத்துவிட்டு ஒரு கிலோ பொட்டலத்தை வைத்தால் அரைக் கிலோ ஏறும். ஒன்பது கிலோ ஏற 18 மாற்ற வேண்டும். விடை 18.

---

ராதாபுரம்_காற்றாலை எழுதியது:

அழகு ஐயா. இதே யோசனையைச் சமன்பாட்டில் தேடிப் பார்த்தேன், அப்படியே இருக்கிறது.

ஒரு கிலோ பொட்டலம் ப என்றால் அரைக் கிலோ பொட்டலம் 40 − ப. இரண்டாவதற்கு இன்னொரு எழுத்து வேண்டாம், மொத்தம் தெரிந்திருப்பதால் மிச்சம் தானாக வந்துவிடுகிறது. இந்த ஒரு பழக்கம் பாதிக் கணக்குகளை முடித்துவிடும். எடையை இரண்டு விதமாகச் சொன்னால்

ப + (40 − ப)/2 = 29
ப + 20 − ப/2 = 29
ப/2 = 9

அந்த 20-தான் ஐயா சொன்ன "எல்லாம் அரைக் கிலோ". அந்த 9-தான் குறைகிற எடை. ப/2 என்பது பொட்டலத்துக்கு அரைக் கிலோ ஏறுவது. ஐயா வாயால் சொன்ன ஒவ்வொரு எண்ணும் வரிக்கு வரி இறங்கியிருக்கிறது. ப = 18. 18 கிலோவும் 22 அரைக் கிலோவும் சேர்ந்து 29.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

தம்பி, விடைகளைப் போட்டுப் பார்ப்பது தேர்வு அறையில் தப்பில்லை. ஆனால் போட்டுப் பார்க்கவும் கதையைச் சமன்பாடாகப் புரிந்திருக்க வேண்டும். 18-ஐ எடுத்து என்ன செய்வீர்கள்? 40-இல் கழித்து 22, அதில் பாதி 11, கூட்டினால் 29. ப இருக்கிற இடத்தில் 18 நிற்கிறது, வேறொன்றுமில்லை.

---

குரூப்ஃபோர்_பேட்டை எழுதியது:

சரிதான் டீச்சர். அப்படி யோசித்ததே இல்லை.

வேகமும் நேரமும் வருகிற கணக்கில் எனக்குத் தடுமாற்றம் உண்டு. ஒன்று நானே உண்டாக்கினேன். நெல்லையிலிருந்து தென்காசி 54 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். காலை 8 மணிக்கு நெல்லையிலிருந்து பஸ் கிளம்புகிறது, மணிக்கு 36 கிலோமீட்டர். 8.10-க்குத் தென்காசியிலிருந்து பைக் இதே ரோட்டில் எதிரே வருகிறது, மணிக்கு 54 கிலோமீட்டர். எப்போது சந்திக்கும்? நான் 36ப + 54(ப − 10) = 54 என்று போட்டேன். ப = 6.6 வந்தது. அத்தனை மணி நேரத்தில் பஸ் தென்காசியைத் தாண்டி எங்கேயோ போயிருக்கும்.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

கதை சரி, அலகு தப்பு. ப-வை மணியில் வைத்திருக்கிறீர்கள், 10-ஐ நிமிஷத்தில் கழித்திருக்கிறீர்கள். நான் முதலிலேயே "ப ரூபாய்" என்று அலகோடு எழுதச் சொன்னது இதற்காகத்தான். "பஸ் கிளம்பி ப மணி நேரத்தில் சந்திக்கின்றன" என்று எழுதியிருந்தால் 10 பக்கத்தில் வரும்போதே உறுத்தியிருக்கும். 10 நிமிஷம் என்பது மணியில் ஆறில் ஒன்று. பைக் ஓடிய நேரம் ப − 1/6.

இரண்டும் சேர்ந்து ஓடியது முழுத் தூரம்:

36ப + 54(ப − 1/6) = 54
90ப − 9 = 54
ப = 0.7

0.7 மணி என்பது 42 நிமிஷம், 8.42. 0.7-ஐ 70 நிமிஷம் என்று வாசித்துவிடக் கூடாது, அங்கேயும் பிள்ளைகள் வழுக்குவார்கள். பஸ் 25.2 கிலோமீட்டர், பைக் 32 நிமிஷத்தில் 28.8. கூட்டினால் 54. சீதபற்பநல்லூர் தாண்டி, ஆலங்குளத்துக்கு முன்னால் எங்கேயோ சந்திக்கும்.

---

ராதாபுரம்_காற்றாலை எழுதியது:

இரண்டு பக்கமும் ப வருகிற கணக்குக்கு நம் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது. பத்திரிகையில் அணைகளின் நீர்மட்டம் தினமும் வருகிறதே, அதுதான். பாபநாசத்தின் முழு மட்டம் 143 அடி, மணிமுத்தாறு 118 அடி. இனி எண்கள் கற்பனை. இன்று பாபநாசம் 120 அடி, பாசனத்துக்குத் திறந்து நாளுக்கு ஒன்றரை அடி இறங்குகிறது. மணிமுத்தாறு 85 அடி, நாளுக்குக் கால் அடி ஏறுகிறது. எத்தனை நாளில் இரண்டும் ஒரே அடியைக் காட்டும்?

120 − 1.5ப = 85 + 0.25ப
35 = 1.75ப
ப = 20

20 நாளில் இரண்டும் 90 அடி. பிள்ளைகளிடம் பத்திரிகையையே கொடுத்து இரண்டு நாள் மட்டத்தைப் பார்த்துச் சொந்தமாகக் கணக்கு எழுதச் சொல்லலாம். கணக்கைத் தானே உண்டாக்குகிற பிள்ளைக்குப் பிறர் எழுதிய கணக்கு சுலபமாகப் புரியும். ஒன்று மட்டும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: அடி ஒன்றானால் தண்ணீர் ஒன்றாகாது. ஒவ்வோர் அணையின் பரப்பும் வேறு.

---

ஆலைக்_கணக்கர் எழுதியது:

இடைவெளி 35 அடி. நாளுக்கு ஒன்றே முக்கால் அடி குறைகிறது. 20 நாள். எனக்கு இதுவும் நேராகத்தான் தெரிகிறது. ஆனால் ஒன்றை ஒத்துக்கொள்கிறேன். நெல்லுக்கு ஒரு யுக்தி, பொட்டலத்துக்கு ஒரு யுக்தி, அணைக்கு வேறொன்று என்று ஒவ்வொன்றுக்கும் புதிதாக யோசித்தேன். நீங்கள் மூன்று பேரும் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி எழுதினீர்கள்.

இருந்தாலும் பிள்ளையை முதலில் மனசால் போட்டுப் பார்க்க விடுங்கள். பிறகு எழுதட்டும். நேராகச் சமன்பாட்டில் இறக்கினால் விடை சுமாராக எவ்வளவு வரும் என்ற உத்தேசமே இல்லாமல் போய்விடும். சீனி 300 ரூபாய் வந்தது அதனால்தான்.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

உத்தேசம் முதலில் வேண்டும் என்பதில் நான் உங்கள் கட்சிதான் ஐயா. வரிசையில் மட்டும்தான் வேறுபாடு. மனக்கணக்கு வராத பிள்ளையைச் சமன்பாட்டுக்கு முன்னால் காக்கவைத்தால், அது கணக்கே எனக்கு வராது என்று முடிவு கட்டிவிடும். அப்படி முடிவு கட்டியவர்களை, அதிலும் பெண் பிள்ளைகளை, ஒன்பதாம் வகுப்பில் திருப்பிக் கொண்டுவருவது பெரும்பாடு. எழுதத் தெரிந்த பிள்ளைக்கு யுக்தி பின்னால் வந்து சேரும். எழுதிய வரிகளிலேயே யுக்தி ஒளிந்திருக்கிறது, ராதாபுரம் தம்பி அல்வாக் கணக்கில் காட்டினாரே.

கூட்டலும் கழித்தலும் சமனும் குறியாக வருவதற்கு முன்னால் பெரும்பாலும் வாக்கியத்தில்தான் எழுதினார்கள். ஒன்பதாம் நூற்றாண்டில் பாக்தாதில் அல்குவாரிஸ்மி எழுதிய இயற்கணித நூலில் சொத்துப் பங்கீட்டுக் கணக்குகள் நிறைய உண்டு, எல்லாம் சொல்லாகவே இருக்கும். சமன் குறியை ராபர்ட் ரெக்கார்டு அச்சில் கொண்டுவந்தது 1557-இல். அதற்கு முன்னால் நம் பக்கம் பிரம்மகுப்தர் 628-இல் தெரியாத அளவுகளுக்கு நிறங்களின் பெயர் வைத்து எழுதியிருக்கிறார். ஆகவே வாக்கியம் எழுதிப் பழகுவது பின்தங்கிய வழி இல்லை. உங்கள் மகள் "ஒரு கிலோ சீனியின் விலை ப ரூபாய்" என்று நீளமாக எழுதினால் நேரம் வீணாகிறது என்று யாரும் அதட்ட வேண்டாம்.

---

அம்பை_கடைவீதி எழுதியது:

டீச்சர், இப்போது "ப என்பது என்ன, என்ன அலகு" என்று எழுதிவிட்டுத்தான் தொடங்குகிறாள். அணைக் கணக்கைப் பார்த்துவிட்டு அவளே ஒன்று எழுதினாள். இரண்டு உண்டியல். ஒன்றில் 50 ரூபாய் இருக்கிறது, வாரம் 20 போடுகிறார்கள். மற்றதில் 170 இருக்கிறது, வாரம் 5 போடுகிறார்கள். எத்தனை வாரத்தில் சமமாகும்? 50 + 20ப = 170 + 5ப என்று எழுதி 8 வாரம், இரண்டிலும் 210 ரூபாய் என்று சரிபார்த்தும் வைத்திருக்கிறாள். நான் ஒரு வார்த்தை சொல்லிக்கொடுக்கவில்லை.

---

ஆலைக்_கணக்கர் எழுதியது:

பிள்ளைக்கு என் வாழ்த்து.

---

குரூப்ஃபோர்_பேட்டை எழுதியது:

தங்கச்சி என்னைவிட வேகமாகப் போகிறாள். வேலையும் நாளும் வருகிற கணக்கு ஒன்று கேட்டுக்கொள்கிறேன் டீச்சர். பத்தமடையில் ஒரு பாயை ஒருவர் தனியாக நெய்தால் 12 நாள், இன்னொருவர் தனியாக நெய்தால் 18 நாள். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். முதலாமவர் கடைசி 3 நாள் வரவில்லை. பாய் எத்தனை நாளில் முடியும்? இதில் எந்த அளவை இரண்டு தரம் சொல்லியிருக்கிறார்கள் என்று கண்டுபிடிக்க முடியவில்லை. ரூபாயும் இல்லை, கிலோமீட்டரும் இல்லை.

---

பாளை_கணக்கு_டீச்சர் எழுதியது:

பாய்தான் அந்த அளவு. ஒரு முழுப் பாய். கேள்வி அதை வெளிப்படையாக 1 என்று சொல்லவில்லை, "முடியும்" என்ற சொல்லில் வைத்திருக்கிறது. இரண்டாவது விதமாக அதே பாயைச் சொல்லுங்கள்: முதலாமவர் நெய்த பங்கும் இரண்டாமவர் நெய்த பங்கும். நாளுக்கு ஒருவர் பன்னிரண்டில் ஒரு பங்கு, மற்றவர் பதினெட்டில் ஒரு பங்கு. மொத்தம் ப நாள் என்றால் யார் எத்தனை நாள் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் பாருங்கள். மிச்சத்தை நீங்களே எழுதுங்கள்.

---

குரூப்ஃபோர்_பேட்டை எழுதியது:

பாய் நெய்து முடிய ப நாள். முதலாமவர் வந்தது ப − 3 நாள், இரண்டாமவர் ப நாள்.

(ப − 3)/12 + ப/18 = 1

36-ஆல் பெருக்கினால்
3(ப − 3) + 2ப = 36
5ப = 45
ப = 9

முதலாமவர் 6 நாளில் பாதிப் பாய், இரண்டாமவர் 9 நாளில் மறுபாதி. சரியாக வந்துவிட்டது டீச்சர்.